நாற்காலியை விட்டு எழுந்த பிறகு

1979-ம் வருடம், ஜூன் 26. மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் கானா. தலைநகர் அக்ராவை ஒட்டி டெஷி என்று ஒரு கடலோர ஊர். அங்கே ராணுவத்தின் துப்பாக்கிப் பயிற்சித் திடல். ஆறு பேரைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். ஆறு பேருமே ராணுவத்தில் உச்சாணிக் கொம்பில் இருந்தவர்கள். நேற்றுவரை இவர்கள் நடந்து வந்தால் சிப்பாய்கள் விறைப்பாக சல்யூட் அடிப்பார்கள். இன்றைக்கு அதே சிப்பாய்கள் துப்பாக்கியை நீட்டினார்கள். அவ்வளவுதான். கதை முடிந்தது.

அந்த ஆறில் இரண்டு பெயர்களை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஃப்ரெட் அக்குஃபோ. மூன்று வாரம் முன்புவரை கானாவை ஆண்டுகொண்டிருந்தவர். இன்னொருவர் அக்வாசி அஃப்ரிஃபா. பத்து வருடம் முன்னால் ஆண்டவர். போதாக்குறைக்கு, ஜூன் 16-ம் தேதியே இன்னொரு முன்னாள் ஆட்சியாளரையும் சுட்டிருந்தார்கள். அவர் பெயர் இக்னேஷியஸ் அச்சியம்பாங்.

கணக்குப் போட்டால் பத்தே நாள். ஒரே தேசத்தின் மூன்று முன்னாள் தலைவர்கள் காலி. விசாரணை என்று ஏதோ நடந்தது. மூடிய கதவுக்குப் பின்னால், அவசர அவசரமாக. வெளியே பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். கொல்லாதே என்று சொல்லவா? இல்லை. ரத்தம் ஓடட்டும் என்று கோஷம் போட்டுக்கொண்டு.

இதற்கெல்லாம் தலைமை தாங்கியது யார் என்று கேட்பீர்கள். முப்பத்திரண்டாவது பிறந்தநாளை அந்த மாதம்தான் கொண்டாடவேண்டிய ஒரு விமானப்படை அதிகாரி. அவர் கதை பின்னால் வருகிறது. இந்தக் கட்டுரையே அவர் தன் நாற்காலியை விட்டு எப்படி எழுந்தார் என்பதைப் பற்றித்தான். அதற்கு முன்னால் ஒரு பட்டியலைப் பார்த்துவிடலாம்.

அரசியல் ஆய்வாளர்கள் மூன்று பேர். ஹெய்ன் கூமன்ஸ், கிறிஸ்டியன் க்ளெடிட்ச், ஜியாகோமோ கியோசா. இவர்கள் வருடக்கணக்கில் உட்கார்ந்து ஒரு ஜாபிதா தயார் செய்தார்கள். 1875-ல் தொடங்கி, உலகத்தில் எந்தெந்த தேசத்தை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை யார் ஆண்டார்கள் என்கிற ஜாபிதா. பெயர், ஆர்க்கிகோஸ். கிரேக்க மொழியில் தலைவன் என்று அர்த்தம். 2009-ல் இதைப் பற்றிய அறிமுகக் கட்டுரை வந்தது. முதலில் 2004 வரை இருந்த கணக்கை அப்புறம் 2015 வரை நீட்டினார்கள்.

ஆண்டவர்கள் பட்டியல்தானே, எந்தப் பொது அறிவுப் புத்தகத்திலும் கிடைக்குமே என்கிறீர்களா? பொறுங்கள். இதில் விசேஷமே மூன்று கட்டங்களில்தான் இருக்கிறது.

முதல் கட்டம், வந்த வழி. நாட்டில் இருக்கிற விதிமுறைப்படி வந்தாரா? விதியை மிதித்து, கவிழ்த்துவிட்டு வந்தாரா? அல்லது வெளிநாடு ஒன்று கொண்டுவந்து உட்கார வைத்ததா?

இரண்டாவது கட்டம், போன வழி. முறைப்படி இறங்கினாரா? கவிழ்த்தார்களா, கொன்றார்களா? நோயில் விழுந்து ஒதுங்கினாரா? பதவியிலேயே இயற்கையாகக் கண்ணை மூடினாரா? அன்னியப் படை வந்து இறக்கியதா?

மூன்றாவது கட்டம்தான் முக்கியம். போன பிறகு என்ன ஆனார்? பதவி போன ஒரு வருடத்துக்குள் அவருக்கு நேர்ந்த கதி. ஒன்றும் ஆகவில்லை, நாடு கடந்தார், சிறைக்குப் போனார், கொல்லப்பட்டார். இந்த நான்கில் ஒன்று.

நம் ஊர் உதாரணம் சொன்னால் சட்டென்று புரியும். நேருவும் சாஸ்திரியும் பதவியில் இருக்கும்போதே இயற்கையாக இறந்தவர்கள். இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டவர், ஆகவே அது முறை தவறிய முடிவு. ஓட்டுப் பெட்டி இறக்கியதால் எழுந்துபோன மொரார்ஜி தேசாய் மாதிரியானவர்கள் வேறு ரகம் என்று நினைத்தால், கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள். அவரை இறக்கியது சொந்தக் கட்சிக்காரர்கள். ஆனாலும் விதிப்படிதான். முறையாகப் போனவர் கணக்கில்தான் வருவார். ராஷ்டிரபதிகள் இந்தப் பட்டியலில் கிடையாது. யார் கையில் நிஜமான அதிகாரமோ அவர்தான் தலைவர்.

இப்படி மூவாயிரம் பேருக்குமேல் வரிசையாக அடுக்கிவைத்துப் பார்த்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. முறைப்படி இறங்கியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அப்புறம் ஒன்றும் ஆவதில்லை. பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டு, சுயசரிதை எழுதிக்கொண்டு காலத்தை ஓட்டுகிறார்கள். கவிழ்க்கப்பட்டவர்கள் கதை வேறு. பெரும்பாலும் ஓட்டம், சிறை, சாவு.

இதிலென்ன அதிசயம், தெரிந்ததுதானே?

தெரிந்ததுதான். ஆனால் அந்த ஆய்வாளர்கள் அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்டார்கள். இறங்கினால் என்ன ஆகும் என்பது நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியுமல்லவா? தெரிந்தவர் எப்படி ஆட்சி செய்வார்? புலி வாலைப் பிடித்த கதை நமக்குத் தெரியும். பிடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து, விட்டால் அதைவிட ஆபத்து. அந்த மாதிரி மாட்டிக்கொண்டவர் எதையும் செய்வார். தேர்தலைத் தள்ளிப்போடுவார், எதிரியை உள்ளே தூக்கிப்போடுவார், தேவைப்பட்டால் பக்கத்து நாட்டின்மேல் சண்டைக்கும் போவார். கூமன்ஸும் கியோசாவும் பிற்பாடு ஒரு முழுப் புத்தகமே எழுதி வாதிட்டது இதைத்தான்.

சரி, கானாவுக்குத் திரும்புவோம். அந்த மூன்று கட்டங்களில் என்னென்ன எழுதலாமோ, கிட்டத்தட்ட அத்தனையும் இந்த ஒரு நாட்டிலேயே நடந்திருக்கிறது.

1957, மார்ச் 6. பிரிட்டனிடமிருந்து விடுதலை. குவாமே நிக்ருமா என்கிற மாபெரும் தலைவர் நாட்டின் தலைமைக்கு வருகிறார். ஆப்பிரிக்காவே அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. வந்த வழியில் ஒரு குறையும் இல்லை. தேர்தலில் ஜெயித்து வந்தவர்.

ஆனால் 1958-லேயே விசாரணை இல்லாமல் சிறையில் போட ஒரு சட்டம் வந்தது. விடுதலைப் போராட்டத்தில் பெரும் பெயர் எடுத்த ஜே.பி. டான்குவா அந்தச் சட்டத்தில் சிறைக்குப் போய், 1965-ல் சிறைக்குள்ளேயே இறந்தார். 1964-ல் ஒரே கட்சி, அதுவும் நிக்ருமா கட்சி மட்டும் என்று ஆக்கினார்கள். அவர்தான் ஆயுள் முழுக்க அதிபர்.

யோசித்துப் பாருங்கள். ஒருவரை முறைப்படி இறக்குவதற்கு இருந்த ஒரே வாசலை அவரே சுவர் வைத்து அடைத்துவிட்டார். இனி அவரை இறக்க நினைப்பவன் சுவரை உடைத்துக்கொண்டுதான் வரவேண்டும்.

வந்தார்கள். 1966, பிப்ரவரி 24. வியட்நாம் போரில் சமாதானம் பேசக் கிளம்பிய நிக்ருமா பீஜிங் வரை போயிருந்த சமயம், இங்கே ராணுவமும் போலீஸும் சேர்ந்து ஆட்சியைக் கவிழ்த்துவிட்டன. அக்ராவில் அவர் சிலையை உருட்டித் தள்ளினார்கள். நிக்ருமா சொந்த மண்ணை மறுபடி உயிரோடு மிதிக்கவே இல்லை. கினி நாட்டில் தஞ்சம். 1972-ல் ருமேனியாவில் சிகிச்சைக்குப் போன இடத்தில் மரணம். மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதவேண்டும்? நாடு கடந்தார்.

கவிழ்த்த கோஷ்டியின் முதல் தலைவர் ஜெனரல் அங்க்ரா. பண விவகாரம் ஒன்றில் மாட்டி 1969-ல் விலகினார். அடுத்து வந்தவர்தான் நாம் ஆரம்பத்தில் பார்த்த அஃப்ரிஃபா. இவர் செய்த ஒரு காரியத்தைக் கவனியுங்கள். சொன்னபடி தேர்தல் நடத்தி, ஜெயித்த கோஃபி புசியாவிடம் ஆட்சியை ஒப்படைத்தார். அப்புறம் பண்ணை, விவசாயம் என்று ஒதுங்கிக்கொண்டார். ராணுவ ஆட்சியாளர்களில் இப்படி எத்தனை பேரைப் பார்க்க முடியும்?

புசியா ஒரு பேராசிரியர். 1971 டிசம்பர் கடைசியில் நாட்டின் பண மதிப்பை ஒரேயடியாகக் குறைத்தார். விலைவாசி பிய்த்துக்கொண்டு போனது. இரண்டே வாரம்தான். 1972, ஜனவரி 13-ம் தேதி புசியா வைத்தியத்துக்காக லண்டனில் இருந்தபோது, கர்னல் அச்சியம்பாங் ஆட்சியைப் பிடித்துவிட்டார். கானாவில் தலைவர்கள் வெளியூர் போகவே பயப்படவேண்டும் போலிருக்கிறது! புசியாவும் திரும்பவில்லை. 1978-ல் இங்கிலாந்திலேயே இறந்தார்.

அச்சியம்பாங் காலத்தில் நாடு சீரழிந்தது. சாமான் கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் கள்ள மார்க்கெட்டில். தேர்தல் வேண்டும் என்று வக்கீல்களும் மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள். அவர் என்ன செய்தார்? ராணுவம், போலீஸ், பொதுமக்கள் மூன்று தரப்பும் சேர்ந்து ஆளலாம், கட்சிகளே வேண்டாம் என்று ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார். 1978 மார்ச்சில் அதற்கு மக்கள் வாக்கெடுப்பும் நடத்தினார். பச்சையாகச் சொன்னால், நாற்காலியை விட்டு இறங்காமல் இருக்க ஒரு ஏற்பாடு.

இந்தக் காலத்தில் அஃப்ரிஃபா அவருக்கு எழுதிய ஒரு கடிதம் பிரசித்தம். எதிர்காலத்தை நினைத்தால் கலக்கமாக இருக்கிறது, இனி எந்த ராணுவக்காரனும் ஆட்சியைப் பிடிக்க நினைக்கக்கூடாது என்பதற்காக நம் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துச் சுட்டுவிட்டால் என்ன செய்வது என்று அதில் கேட்டிருந்தார். பண்ணையில் உட்கார்ந்திருந்த மனிதருக்கும் தூக்கம் இல்லை என்று தெரிகிறது.

1978 ஜூலை 5-ம் தேதி அச்சியம்பாங்கை அவருடைய சகாக்களே இறக்கினார்கள். அந்த இடத்துக்கு அக்குஃபோ வந்தார். அச்சியம்பாங்கைக் கொஞ்ச காலம் அடைத்துவைத்து, பிறகு ராணுவப் பட்டங்களைப் பிடுங்கிக்கொண்டு சொந்த ஊரோடு இரு என்று அனுப்பினார்கள். நாட்டையே சுரண்டியவருக்கு இவ்வளவுதான் தண்டனையா என்று கீழ்மட்டச் சிப்பாய்களுக்கு ரத்தம் கொதித்தது.

இப்போது அந்த விமானப்படை அதிகாரியை அழைக்கலாம். ஜெர்ரி ராலிங்ஸ். 1979 மே 15-ல் ஒரு கலகம் செய்து, தோற்று, பிடிபட்டு, ராணுவக் கோர்ட்டில் நின்றுகொண்டிருந்தவர். ஜூன் 4-ம் தேதி சிப்பாய்கள் சிறையை உடைத்து அவரை வெளியே கொண்டுவந்தார்கள். அன்றைக்கே அவர்தான் ஆட்சி.

அடுத்த மூன்று வாரத்தில் டெஷியில் நடந்ததை முதலிலேயே பார்த்துவிட்டோம். அச்சியம்பாங் பதவி இழந்து ஒரு வருடம் முடிய இன்னும் 19 நாள் பாக்கி இருந்தது. அஃப்ரிஃபா விஷயம்தான் மனசை என்னவோ செய்கிறது. பட்டியலின் விதிப்படி பார்த்தால், பதவி விட்ட ஒரு வருடத்துக்குள் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. துப்பாக்கி அவரைத் தேடி வந்தது பத்தாவது வருடத்தில். முறையாகத் தேர்தல் வைத்து இறங்கியவருக்கும் அதே குண்டு என்றால், அடுத்து வருகிறவன் என்ன பாடம் படிப்பான்? இறங்காதே என்றுதானே?

ஆனால் நடந்தது ஒரு விசித்திரம். கொலைகள் நடந்துகொண்டிருந்த அதே ஜூன் மாதத்தில் தேர்தலும் நடந்தது. ஜெயித்த ஹில்லா லிமானிடம் செப்டம்பர் 24-ல் ராலிங்ஸ் ஆட்சியைக் கொடுத்துவிட்டுப் போனார். வந்தது முறைகேடாக, போனது முறைப்படி.

சபாஷ் என்று சொல்லிவிடாதீர்கள். 1981, டிசம்பர் 31-ம் தேதி, அதே லிமானைக் கவிழ்த்துவிட்டு அதே ராலிங்ஸ் மறுபடி வந்தார். இந்த முறை லேசில் போகவில்லை. 1982 ஜூன் 30-ம் தேதி இரவு மூன்று நீதிபதிகளையும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரையும் வீட்டிலிருந்து கடத்திக்கொண்டுபோய்க் கொன்றார்கள். அதில் சம்பந்தப்பட்டவர்கள் என்று தண்டிக்கப்பட்டுச் சுடப்பட்டவர்களில், ராலிங்ஸின் ஆளும் குழுவில் உறுப்பினராக இருந்த ஒருவரும் உண்டு. பழி மட்டும் அந்த ஆட்சியின் தலையை விட்டு இறங்கவில்லை.

வருடங்கள் ஓடின. 1990 வாக்கில் உலகமெங்கும் காற்று மாறியது. கட்சிகள் வேண்டும், தேர்தல் வேண்டும் என்ற குரல் கானாவிலும் ஓங்கியது. ராலிங்ஸின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். மூன்று முன்னாள் ஆட்சியாளர்களைச் சுட்ட ஆட்சிக்குத் தலைவர். இறங்கினால் என்ன ஆகும் என்று அந்த நாட்டில் அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? புலி வால் கையில் இருக்கிறது.

1992-ல் புது அரசியல் சட்டம் வந்தது. நாலு வருடம் ஒரு தவணை, ஒருவர் இரண்டு தவணைக்குமேல் அதிபராக இருக்க முடியாது. நல்ல விஷயம். ஆனால் கடைசிப் பக்கங்களில் இன்னொன்றும் இருந்தது. ஆட்சிக் கவிழ்ப்புகளுக்காகவோ, அந்த ஆட்சிகளில் இருந்தவர்கள் அதிகாரத்தின் பேரில் செய்த காரியங்களுக்காகவோ யாரையும் எந்தக் கோர்ட்டும் கேள்வி கேட்கக்கூடாது. 1966-ல் கவிழ்த்தவர்களில் ஆரம்பித்து 1981 வரை எல்லாருக்கும் சேர்த்து இந்தக் கவசம். இந்தப் பிரிவைத் திருத்தப் பாராளுமன்றத்துக்கே அதிகாரம் கிடையாது என்று பூட்டும் போட்டுவிட்டார்கள்.

அநியாயம் என்கிறீர்களா? அநியாயம்தான். டெஷியில் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைக்கும், நடுராத்திரியில் கதவு தட்டப்பட்ட நீதிபதியின் குடும்பத்துக்கும் சட்டம் சொல்லிவிட்டது, கோர்ட் வாசலுக்கு வராதே என்று.

இனி அந்தக் கவசத்தோடு அவர் என்ன செய்தார் என்று பார்ப்போம். 1992-ல் ஜெயித்தார். 1996-ல் மறுபடி ஜெயித்தார். 2000-ல் தவணை முடிந்தது. சட்டத்தை வளைத்து மூன்றாவது முறை நிற்பார் என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. நிற்கவில்லை. தன்னுடைய துணை அதிபர் ஆட்டா மில்ஸை நிறுத்தினார். மில்ஸ் தோற்றார். எதிர்க்கட்சியின் ஜான் குஃபோர் ஜெயித்தார். 2001, ஜனவரி 7-ம் தேதி ராலிங்ஸ் எழுந்து போனார். சுதந்திரம் வாங்கிய பிறகு, தேர்தலில் வந்த ஒரு கட்சியிடமிருந்து தேர்தலில் ஜெயித்த இன்னொரு கட்சிக்குக் கானாவில் ஆட்சி கைமாறியது அதுதான் முதல் தடவை. ஒரு குண்டு வெடிக்கவில்லை.

பக்கத்து வீட்டில் என்ன நடந்தது? மேற்கே ஐவரி கோஸ்ட். 2010 தேர்தலில் தோற்ற லோரான் பாக்போ இறங்கமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். 2011 ஏப்ரலில் அவரைப் பிடிப்பதற்குள் சுமார் மூவாயிரம் பேர் செத்தார்கள். கிழக்கே டோகோ. அங்கே எயடெமா 1967-ல் உட்கார்ந்தவர், 2005-ல் சாகும்வரை எழுந்திருக்கவே இல்லை. இறங்க வழியில்லாத ஆட்சிக்கு ஜனங்கள் கொடுக்கும் விலை இது.

கானா இறங்கியதற்கு அந்தப் பாதுகாப்புப் பிரிவு ஒன்றுதான் காரணம் என்று சொன்னால் அது தப்பு. தவணைக் கட்டுப்பாடு இருந்தது, மெல்ல மெல்ல நம்பிக்கை சம்பாதித்த தேர்தல் கமிஷன் இருந்தது, விழிப்பான பத்திரிகைகளும் ரேடியோவும் இருந்தன. ஆனால் எழுந்து போனால் கம்பத்தில் கட்டமாட்டார்கள் என்கிற நிச்சயம் இல்லாமல் அந்த ஜனவரி 7 சாத்தியமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

குஃபோர் வந்ததும் பழிவாங்கக் கிளம்பவில்லை. அதே சமயம் மூடிவைத்துவிட்டுப் போகவும் இல்லை. 1979-ல் சுடப்பட்டவர்களின் எலும்புகளைத் தோண்டி எடுத்து, 2001 டிசம்பரில் குடும்பங்களிடம் ஒப்படைத்தார்கள். இருபத்திரண்டு வருடம் கழித்து அவர்களுக்கு ஒரு முறையான அடக்கம் கிடைத்தது. 2002-ல் சமரசக் கமிஷன் ஒன்று அமைத்தார்கள். நான்காயிரத்துக்கும் அதிகமான மனுக்கள் வந்தன. அடி வாங்கியவர்களும் ஆளை இழந்தவர்களும் நாடு பார்க்கப் பேசினார்கள். 2004-ல் ராலிங்ஸும் வந்து பதில் சொல்லிவிட்டுப் போனார். தண்டனை இல்லை. ஆனால் நடந்தது நடக்கவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு கானாவில் இதுவே பழக்கமாகிவிட்டது. 2008-ல் மில்ஸ் அரை சதவிகிதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். நாற்பதாயிரம் ஓட்டுதான் சொச்சம். மற்ற இடமாக இருந்தால் நாடே பற்றி எரிந்திருக்கும். தோற்றவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். 2012-ல் மில்ஸ் பதவியிலேயே இறந்தபோது, அன்றைக்கே துணை அதிபர் ஜான் மஹாமா பதவி ஏற்றார். 2016-ல் மஹாமா தோற்று அக்குஃபோ-அடோ வந்தார். (சுடப்பட்ட அக்குஃபோ வேறு, இவர் வேறு. புசியா காலத்தில் அலங்கார ஜனாதிபதியாக இருந்து 1972 கவிழ்ப்பில் பதவி இழந்தவரின் மகன்.) தகப்பன் பதவி போனது துப்பாக்கியால். மகன் இரண்டு தவணை முடித்துவிட்டு, 2025 ஜனவரி 7-ல் சட்டப்படி விடைபெற்றார். பதவி ஏற்க வந்தவர் யார் தெரியுமா? எட்டு வருடம் முன்னால் தோற்று வீட்டுக்குப் போன அதே மஹாமா. தோற்றவர் உயிரோடு வீட்டுக்குப் போக முடிந்தால்தான் திரும்பி வரவும் முடியும்.

ராலிங்ஸ் 2020 நவம்பரில் அக்ராவில் ஆஸ்பத்திரியில் இறந்தார். 2021 ஜனவரியில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. பீரங்கி முழங்கியது. பட்டியலில் அவர் பெயருக்கு நேரே மூன்றாவது கட்டத்தில் என்ன இருக்கும்? ஒன்றும் ஆகவில்லை.

அந்த இரண்டு வார்த்தைக்காகக் கானாவில் சில குடும்பங்கள் நியாயத்தை விட்டுக்கொடுத்திருக்கின்றன. விட்டுக்கொடுத்தன என்றுகூடச் சொல்லக்கூடாது. அவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்கள் சார்பில் தேசம் எழுதிக்கொடுத்துவிட்டது. அடுத்த முறை ஏதோ ஒரு நாட்டில் சர்வாதிகாரி ஒருவர் சத்தமில்லாமல் இறங்கிப்போன செய்தியைப் பேப்பரில் படித்தால், சந்தோஷப்படுங்கள். கூடவே, அந்தச் செய்தியில் பெயர் வராத குடும்பங்களையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.